தட்டிய கை

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். நீ சுகமா, முதுகுவலி விட்டதா, அந்தத் தகரக் கொட்டகையில் குளிர் தாங்க முடிகிறதா, எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் எழுது. போன முறை நான் கேட்டது ஒன்று, நீ எழுதியது ஒன்று.

இங்கே வேலைக்குக் குறைவில்லை. தையல் கூடத்தில் சட்டை, பாவாடை எல்லாம் நின்றுபோய், இப்போது சிப்பாய்களுக்கான கோட்டு மட்டும்தான். என் பங்குக்குப் பொத்தான் துளை. காலையிலிருந்து சாயங்காலம் வரை துளை, துளை, துளை. கனவிலும் ஓட்டைக்கு விளிம்பு கட்டிக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்தால் கீழே அச்சகக்காரர் இயந்திரத்தை ஓட்டுகிறார், மேலே என் அறையில் டம்ளர் மேசையோரம் வரை நடந்து போகிறது. ஜன்னலுக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டச் சொல்லிவிட்டார்கள். வெளியே வெயிலா மழையா என்று படியிறங்கிப் பார்த்தால்தான் தெரியும்.

கப்பலிலிருந்து உன் மாப்பிள்ளையின் கடிதம் வந்தது. உறையைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. கோழி கிளறிய மாதிரி எழுத்து. வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள், ஏதோ ஆகிவிட்டது என்று அவசர அவசரமாகப் பிரித்தேன். பார்த்தால் ஆசாமியேதான். கடல் கொந்தளித்த நேரம் இரும்புக் கதவு சாத்திக்கொண்டு வலது கை விரல்கள் நசுங்கிவிட்டனவாம். பெரிய கட்டாகப் போட்டிருக்கிறதாம். சாப்பிடுவது, எழுதுவது, தந்தி தட்டிப் பழகுவது எல்லாம் இப்போது இடது கைதான். "மச்சான்கிட்ட மட்டும் சொல்லிடாதே, விழுந்து விழுந்து சிரிப்பார்" என்று எழுதியிருக்கிறார். தொழிலும் கற்றுக்கொடுத்து, தங்கச்சியையும் கொடுத்தவனிடம் என்ன ரகசியம்? சொல்லிவிட்டேன். சிரித்துக்கொள்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தங்கச்சி

*

பிப்ரவரி 20

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன்னிடமிருந்து கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. வாயாடிக்குப் பேச்சு தீர்ந்துபோனதா, இல்லை தணிக்கைக்காரர்கள் உன் கடிதத்தை ரசித்து ரசித்துப் படித்துக்கொண்டிருக்கிறார்களா? காய்ச்சல் ஏதும் இல்லையே? நான் நன்றாக இருக்கிறேன். நன்றாக என்றால், ரொம்ப நன்றாக.

காரணம் இருக்கிறது. விவரமாக எழுதினால் கத்தரித்துவிடுவார்கள், அதனால் மேலோட்டமாகச் சொல்கிறேன். கம்பியில்லாத் தந்தியில் ஒவ்வொருவர் கைக்கும் ஒரு நடை உண்டு என்று உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! மாடிப்படியில் ஏறுகிற சத்தத்தை வைத்தே வருவது இன்னார் என்று நீ சொல்வாயே, அது போலத்தான். மாப்பிள்ளையின் கையை ஆயிரம் கைகளுக்கு நடுவிலும் கண்டுபிடிப்பேன். புள்ளியும் கோடுமாகத் தட்டும்போது கடைசிக் கோட்டைக் கொஞ்சம் இழுப்பார். வாத்தியார் நான் எவ்வளவு திருத்தியும் அதை விடவில்லை.

போன வாரம் ஒருவன் எனக்குத் தெரிந்தவர் மாதிரி நடித்துக்கொண்டு காதில் பூச்சுற்றப் பார்த்தான். யார் காதில்! தட்டுத் தடுமாறி, நொண்டி நொண்டி ஒரு நடை. ஐயோ ஆபத்து, ஓடி வாருங்கள் என்று ஒரே கூப்பாடு. போனால் நம் ஆட்களுக்குப் பொறி. கேட்ட மாத்திரத்தில் "இது அந்தக் கை இல்ல சார்" என்றேன். மேலதிகாரி, "உறுதியாச் சொல்றியா?" என்றார். "என் தலைய வேணா அடகு வைக்கிறேன்" என்றேன். யாரும் போகவில்லை. அன்று சாயங்காலம் மேலதிகாரி தன் குடுவையிலிருந்து எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தார். இந்தக் கொட்டகையில் அது மெடல் வாங்குவதற்குச் சமம்.

மாப்பிள்ளையை நினைத்து மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. போர்க்காலத்தில் சரக்குக் கப்பல்கள் ஆபத்து வந்தாலொழியத் தந்தியில் வாய் திறக்கக் கூடாது. நிஜமான அவர் வாய் திறக்கவில்லை, எனவே பத்திரமாக இருக்கிறார். எப்படித் தெரியும் என்று கேட்காதே. தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

*

மார்ச் 3

தங்கச்சிக்கு,

உன் உடம்பு தேவலையா? பிப்ரவரி 9ஆம் தேதி நீ எழுதிய கடிதம் இன்றுதான் கைக்கு வந்தது.

எந்தக் கை? வலதுதானா? நிச்சயமாகவா? கட்டு எப்போது போட்டது, எப்போது பிரிப்பார்கள் என்று ஏதாவது எழுதியிருக்கிறாரா? தந்தியும் இடது கையால்தான் என்று அவரே எழுதினாரா, அல்லது நீயாகச் சேர்த்துக்கொண்டாயா? நீ எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற ஆள். அவர் எழுதியதைப் பார்த்து, உள்ளது உள்ளபடி எழுது. இன்றைக்கே தபாலில் போடு.

அண்ணன்

*

மார்ச் 15

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலமாகத்தான் இருக்கிறேன். உனக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது. கடிதமா அது? போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்து விசாரித்த மாதிரி இருந்தது.

சரி, கேட்டுக்கொள். வலது கை. ஆட்காட்டி விரலும் நடுவிரலும். கோடை வரை கட்டைப் பிரிக்க முடியாது என்று கப்பலில் மருந்து கொடுப்பவர் சொல்லிவிட்டாராம். அவர் எழுதிய வரியை அப்படியே தருகிறேன்: "தந்தியும் இடக்கைதான், என் தட்டலை இப்போது கேட்டால் எனக்கே யாரோ மாதிரி இருக்கிறது." போதுமா? நான் ஒன்றும் கூட்டவில்லை. விரல் ஆறுமா ஆறாதா என்ற கவலையில் கேட்டாய் என்று நினைக்கிறேன். ஆறிவிடும் அண்ணா, அவருக்குச் சீக்கிரம் சதை கூடும்.

கம்பெனி அலுவலகத்துக்குப் போயிருந்தேன். கப்பல் போய்ச் சேர வேண்டிய நாள் தாண்டிவிட்டதாம். "வரும்மா, வரும், போர்க்காலத்துல சுத்திக்கிட்டுத்தான் வரும்" என்கிறார் குமாஸ்தா, என் முகத்தைப் பார்க்காமல். அந்தக் கப்பல்காரர்களின் மனைவிமார் நாலைந்து பேர் வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தார்கள். எனக்கு வந்ததே கோபம். "என் அண்ணன் கரையில உக்காந்து ராப்பகலா கடலையே கேட்டுக்கிட்டு இருக்கான். பத்திரமா இருக்காங்கன்னு அவனே எழுதியிருக்கான். கண்ணத் தொடைங்க" என்று ஒரு அதட்டுப் போட்டேன். கப்பல் சமையல்காரரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றாள்.

உன் ஒரு வரியை வைத்துத்தான் இங்கே நாங்கள் எல்லோரும் தூங்குகிறோம். இன்னொரு வரி எழுது. முதுகுக்குத் தைலம் தேய்க்கிறாயா?

தங்கச்சி

*

ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் பதில் வரவில்லை. உடம்பு சரியில்லையா? எனக்கு ஒன்றுமில்லை, கொஞ்சம் சளி.

செய்தி உனக்கும் வந்திருக்கும். நேற்று அச்சகக்காரர் கீழேயிருந்து குரல் கொடுத்தார். ரேடியோவில் எதிரி நாட்டு ஒலிபரப்பு. நம் கப்பலின் பெயரைச் சொல்லி, "பிப்ரவரியில் பிடித்தோம், ஆட்கள் உயிரோடு எங்கள் வசம், கப்பலை எங்கள் துறைமுகத்துக்குக் கொண்டுபோகிறோம்" என்று கல்யாண வீட்டில் பாடுவது மாதிரி இழுத்து இழுத்துச் சொன்னான். அச்சகக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் சிரித்தேன் அண்ணா. உயிரோடு என்றானே! கைதியானால் என்ன? கடலில் கிடப்பதைவிடச் சிறையில் கிடக்கட்டும். போர் முடிந்தால் கட்டிப்போட்டா வைப்பார்கள்? வந்துவிடுவார்.

ராத்திரி படுத்தபோதுதான் இன்னொன்று உறுத்தியது. பிடிக்க வந்தபோது அவர் சும்மா இருந்திருக்க மாட்டாரே. கூப்பிட்டிருப்பாரே. அதுதானே அவர் வேலை? கூப்பிட்டால் உங்கள் பக்கம்தானே கேட்கும்? ஒருவர் காதிலுமா விழவில்லை? இல்லை, தட்டுவதற்கே விடாமல் பாய்ந்துவிட்டார்களா? உனக்குத் தெரிந்ததை எழுது.

சீக்கிரம் எழுது.

தங்கச்சி

*

ஏப்ரல் 24

அன்புள்ள தங்கச்சிக்கு,

சளிக்கு வெந்நீரில் ஆவி பிடி. நான் சௌக்கியம்.

இங்கே மழை. கொட்டகைக் கூரை மூன்று இடத்தில் ஒழுகுகிறது, அதில் ஒன்று சரியாக என் தலையணைக்கு மேலே. கட்டிலை நகர்த்திப் போட்டால் ஒழுகலும் கூடவே நகர்ந்து வருகிறது. ஒரு பூனை வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு கண் இல்லை. என் காலடியில்தான் படுக்கிறது.

எனக்கு வேலை மாற்றிவிட்டார்கள். நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். இப்போது கேட்கிற வேலை இல்லை, பண்டகசாலையில் கம்பிச் சுருள்களுக்கும் பெட்டிகளுக்கும் காவல். காதில் ஓர் இரைச்சல், அதனால்தான். பெரிதாக ஒன்றுமில்லை, பயப்படாதே.

நீ கேட்டதற்கு என்ன எழுதுவது? கடலில் எத்தனையோ சத்தம். எல்லாம் கரை வரை வந்து சேர்வதில்லை.

உனக்கு ஒரு கம்பளி அனுப்பியிருக்கிறேன். குளிரும்போது போர்த்திக்கொள்.

அண்ணன்

*

ஜூன் 2

அண்ணா,

நான் நன்றாக இல்லை.

கப்பல் போய்விட்டது. எதிரிக்காரர்கள் தங்கள் துறைமுகத்துக்கு ஓட்டிக்கொண்டு போகும் வழியில் கடல் கண்ணிவெடியில் மோதி மூழ்கிவிட்டதாம். யார் போட்ட கண்ணி என்று அவர்களுக்கே தெரியாதாம். கம்பெனியிலிருந்து ஆள் வந்து சொன்னார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அதன் விளிம்பையே உருட்டிக்கொண்டிருந்தார். நம் ஆட்களைக் கீழே சரக்கறையில் அடைத்து வைத்திருந்தார்களாம். அடுப்படி வேலைக்கென்று மேலே விட்டிருந்த இரண்டு மூன்று பேர் மட்டும் படகில் தப்பி ஏதோ ஒரு நாட்டுக் கரையில் ஏறியிருக்கிறார்கள். தந்திக்காரர் அதில் இல்லை.

அந்த மனைவிமார் இப்போது வழியில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள். நான்தானே அன்றைக்கு அதட்டினேன், பத்திரமாக இருக்கிறார்கள் என்று. அவர்கள் போகட்டும், எனக்கு அவர்கள் வேண்டாம். நீ வா அண்ணா. இரண்டு நாள் இருந்துவிட்டுப் போ. ராத்திரி அச்சு இயந்திரம் நின்றதும் இந்த அறையில் என் மூச்சுதான் எனக்குக் கேட்கிறது. எதுவும் பேச வேண்டாம். அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்திரு, போதும்.

தங்கச்சி

*

ஜூன் 21

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சாப்பிடுகிறாயா? சாப்பிடு.

லீவு இல்லை என்கிறார்கள். எனக்கும் உடம்பு அலைச்சலுக்கு ஆகாது என்று தோன்றுகிறது. அச்சகக்காரர் வீட்டுப் பெண்கள் யாரையாவது துணைக்குப் படுக்கச் சொல். கதவைத் தாழ்ப்பாள் போட்டுப் படு.

மழை விட்டுவிட்டது. பூனை நன்றாக இருக்கிறது.

அண்ணன்

*

ஆகஸ்டு 17

அண்ணா,

எனக்கு உடம்பு பரவாயில்லை. உன் உடம்பைப் பற்றி இந்தக் கடிதத்தில் கேட்கப் போவதில்லை.

நேற்று சமையல்காரர் வந்திருந்தார். படகில் தப்பிய ஆட்களில் ஒருவர். பாதி ஆளாகியிருக்கிறார். காதுமடல்கள் வெயிலில் வெந்து தோல் உரிந்திருக்கின்றன. நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று தரையில் சுவரோரமாக உட்கார்ந்தார். டீ கொடுத்தேன், குடிக்காமல் டம்ளரையே பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு அவராகவே பேசத் தொடங்கினார்.

"காலைலேர்ந்து துரத்துனாங்கம்மா. நம்ம கப்பல் கிழட்டுக் கப்பல், எவ்வளவு தூரம்தான் ஓடும்? உங்க வீட்டுக்காரர் தந்தி ரூம விட்டு நகரவே இல்ல. நான்தான் டீ கொண்டுபோய்க் குடுத்தேன். கட்டுப் போட்ட கைய மடியில வெச்சுக்கிட்டு எடக்கையால தட்டிக்கிட்டே இருந்தார். கை வலிக்கலையான்னு கேட்டேன். 'வலிக்கத்தான் செய்யுது. ஆனா பயமில்ல, அந்தப் பக்கம் உக்காந்திருக்கிறது என் மச்சான். பாம்புச் செவி. ஒரு தட்டுலயே நான்தான்னு கண்டுபிடிச்சிடுவார்'னு சிரிச்சார். மத்தியானம் வரைக்கும் எல்லாருமா அடிவானத்தையே பாத்துக்கிட்டு நின்னோம். நம்ம ஆளுங்க பக்கத்துலதான் ரோந்து சுத்துறாங்கன்னு கேப்டன் சொன்னார். ஒரு புகைகூடத் தெரியலம்மா."

அதற்குப் பிறகு எல்லோரையும் கீழே அடைத்தார்களாம். இருட்டில் ஒருவருக்கொருவர் எரிந்து விழுந்தார்களாம், உன் மச்சான் காது செவிடா என்று என் வீட்டுக்காரரைப் போட்டுப் பிடுங்கினார்களாம். இவர் மட்டும், "அவருக்குக் கேட்டிருக்கும். வர முடியாமப் போனதுக்கு ஏதாவது காரணம் இருக்கும். அவர ஒரு வார்த்தை சொல்லாதீங்க" என்று சண்டைக்கே போய்விட்டாராம்.

சமையல்காரர் போன பிறகு உன் பழைய கடிதங்களை எடுத்துப் பிரித்தேன். எந்தக் கை, எந்தக் கை என்று நீ குடைந்து குடைந்து கேட்டது நினைவுக்கு வந்தது. விரல் ஆறுமா என்றல்லவா நான் நினைத்தேன்? பூச்சுற்றப் பார்த்தான் என்று எழுதினாயே. நொண்டி நடை என்று எழுதினாயே. யாரும் போகவில்லை என்று எழுதினாயே.

அடப்பாவி அண்ணா.

இந்நேரம் நீ எதிரில் இருந்தால் அடித்திருப்பேன். கை ஓயும்வரை அடித்திருப்பேன். பிறகு நான் யாரை அடிப்பது? விரல் நசுங்கியதற்கு யாராவது அவசரத் தந்தி கொடுப்பார்களா? நான் தபாலில்தானே போட்டேன்? அதைத் தணிக்கையில் ஒருவன் பிரித்துப் படித்து, ஆபத்தில்லாத கடிதம் என்று மேசையில் போட்டுவைத்தானே, அவனை அடிப்பதா?

நீ வேண்டுமென்றே செய்யவில்லை. அது எனக்குத் தெரிகிறது. தெரிந்து என்ன செய்ய? நீ வராமல் இருந்ததும், பூனையைப் பற்றி எழுதியதும்தான் பொறுக்க முடியவில்லை. இத்தனை மாதம் உன் ஆறுதலைத் தேடி உன்னிடமே வந்து நின்றேனே, பைத்தியக்காரி மாதிரி.

தங்கச்சி

*

அக்டோபர் 5

அண்ணா,

என் கடிதம் உனக்குக் கிடைத்திருக்கும். பதில் இல்லை. வாரா வாரம் தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டதும் படியிறங்கி ஓடுகிறேன். எனக்கே என் மேல் எரிச்சலாக இருக்கிறது, உன் கடிதத்துக்காகவா இப்படி ஓடுகிறாய் என்று.

உன்னை மன்னித்தேன் என்று எழுதலாம் என்று உட்கார்ந்தேன். கை வரவில்லை. மன்னிக்க மாட்டேன் என்று எழுதலாம் என்றால் அதற்கும் வரவில்லை. ஆகவே இரண்டையும் எழுதவில்லை. எப்போதாவது ஒன்று வந்தால் எழுதுகிறேன்.

இங்கே வராதே. உன் முகத்தை இப்போது என்னால் பார்க்க முடியாது. ஆனால் எழுது. பொய் எழுதாதே, அவ்வளவுதான். சாப்பிட்டாயா, தூங்கினாயா, யாராவது உன்னிடம் பேசுகிறார்களா, அதை எழுது. ஒரு வரி போதும். தையல் கூடத்தில் பக்கத்து இயந்திரக்காரி தன் தம்பியைப் பற்றிச் சலித்துக்கொள்கிறாள். எனக்குச் சலித்துக்கொள்ளக்கூட ஆளில்லை. அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை, அவரும் இல்லை. நீயும் வாயை மூடிக்கொண்டால் நான் யாரை அண்ணா என்று கூப்பிடுவேன்?

உயிரோடு இருக்கிறாயா? அதையாவது சொல்.

தங்கச்சி

*

அக்டோபர் 29

தங்கச்சிக்கு,

உயிரோடு இருக்கிறேன்.

நீ எழுதியதெல்லாம் சரி. அன்றைக்குக் கேட்டேன். மத்தியானம் வரை கேட்டேன். இது அந்தக் கை இல்லை என்று சொன்னது நான்தான். உனக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் உட்கார்ந்தேன், கூரையைப் பற்றித்தான் எழுத வந்தது.

இன்று காலையில் ரொட்டி சாப்பிட்டேன். மத்தியானம் சாப்பிடவில்லை. இரவு சாப்பிட்டேன். தூக்கம் இல்லை. என்னிடம் யாரும் அதிகம் பேசுவதில்லை, நான் பேசினால்தானே அவர்கள் பேசுவார்கள்? பொய் எதுவும் எழுதவில்லை.

நீ சாப்பிட்டாயா?

அண்ணன்